கரடிப் பேணியும் காகத்தின் சோறும்

மலையேறப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கிற அந்தப் பெரிய கடைக்குள் சிவநேசம் நுழைந்தபோது, அவளுடைய கைப்பைக்குள் மூன்று சுண்டு அரிசி இருந்தது. அரிசி மட்டும் என்றால் பரவாயில்லை. வறுத்த பயறு, புட்டுக்கு வறுத்து அரித்த மா, செத்தல் மிளகாய்ச் சம்பல், பொரிவிளாங்காய் உருண்டை பத்து, தேயிலை, சீனி, பால்மா என்று இரண்டு பேர் இரண்டு இரவு தங்கிச் சாப்பிடுகிற அவ்வளவும் உள்ளே இருந்தது. சப்பாத்து வாங்கப் போகிறவர் காலைக் கொண்டுபோகிறார்தானே, சாப்பாடு வைத்து மூடுகிற பேணி வாங்கப் போகிறவள் சாப்பாட்டைக் கொண்டுபோனால் என்ன பிழை என்பது அவளுடைய கட்சி.

கூட வந்த கிளிக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. கிளி, சிவநேசத்தின் தம்பி இரவிச்சந்திரனின் மனைவி. திருகோணமலைக்காரி, மெதடிஸ்ற் சபை, வயது நாற்பத்தாறு. வார நாட்களில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். சனி ஞாயிறானால் முதுகில் பையைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவாள். இரவிச்சந்திரனோ மெத்ரோவில் நகரும் படி பழுதென்றால் ஏறி நடக்கப் பஞ்சிப்பட்டு அடுத்த ஸ்ரேஷனில் போய் இறங்குகிற ஆள். ஆகவே கிளிக்குத் துணை அவளோடு வேலை செய்கிற இன்னொரு சாரதிப் பெண். அந்தப் பெண் இந்த வருடம் கணுக்காலை முறித்துக்கொண்டாள். ஒரு கதைக்குத்தான் கிளி மச்சாளிடம் கேட்டாள், "நீங்கள் வாறியளே?" என்று.

"ஓம், வாறன்" என்றாள் சிவநேசம், ஐம்பத்தெட்டு வயதில், முழங்கால் நோவுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டே. கிளி திகைத்துப் போனாள்.

சிவநேசத்துக்கு இருபத்திரண்டு வருடமாக, மொன்றியல் விமான நிலையம் இருக்கிற டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடம். தட்டுகளை ஒடுக்கமான உலோக வண்டிகளுக்குள் அடுக்கி, கதவைப் பூட்டி, முத்திரை வைத்து, 'இதில் குறைவில்லை' என்ற துண்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். உலகத்தின் எந்த மூலைக்கு மேலே யார் பசியோடு இருந்தாலும் அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய கவலை. ஆனால் அவள் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு தரம், இந்த நாட்டுக்கு வந்தபோது. அன்று தந்த தட்டையும் என்னவோ ஏதோ என்று பயந்து திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதுகில் பாரத்தோடு நெடுந்தூரம் நடந்ததும் ஒரே ஒரு தரம்தான். தொண்ணூற்றைந்தில், யாழ்ப்பாணம் முழுவதும் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்ட நேரம். எதை எடுக்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க அன்றைக்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. இந்தத் தரம் ஆறுதலாகப் பார்த்து, நிறுத்து, தெரிந்து எடுக்கலாம். அதை நினைக்கவே அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கிளிக்கு இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. 'ஓம்' என்றதோடு சரி.

கடையில் நரைத்த பின்னலோடு ஒரு பெண்மணி நின்றாள். சிவநேசம் "பொன்ஜூர்" சொல்லிவிட்டு, தன் சமையற்கூடப் பிரெஞ்சில், கரடி திறக்க முடியாத பேணி வேண்டும் என்றாள். அந்தச் சாமானுக்கு உலகத்தில் என்ன பெயர் இருந்தாலும் சரி, அன்றிலிருந்து அது அவளுக்குக் 'கரடிப் பேணி'தான்.

பெண்மணி மூன்றைக் கொண்டுவந்து வைத்தாள். முதலாவது, குண்டு துளைக்காத சட்டை தைக்கிற நூலில் நெய்த பை. சிவநேசம் அதைத் தூக்கிப் பார்த்தாள், பூப்போல இருந்தது. "கரடி இதைக் கிழிக்காது. ஆனால் ஏறி மிதிக்கும், நசுக்கும்" என்றாள் பெண்மணி. "அப்ப பொரிவிளாங்காய் மாவாய்ப் போயிடும்" என்று சிவநேசம் பையைத் தள்ளி வைத்தாள். இரண்டாவது, உள்ளே இருப்பது தெரிகிற நீலப் பிளாஸ்ரிக் பேணி. மூடியில் இருக்கிற குமிழை உள்ளே அமத்திக்கொண்டே திருக வேண்டும். சிவநேசம் அமத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு அமத்தினாள். இருபத்திரண்டு வருடம் தட்டுகளுக்கு மூடி அழுத்தின விரல்கள், இனி முடியாது என்றன. மூன்றாவது, கறுப்புப் பேணி. ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பாரம். மூடியில் இரண்டு பூட்டு. ஒரு டொலர் நாணயக் குற்றியைப் பொருத்தித் திருப்பினால் திறக்கும்.

"கரடியிட்டக் குற்றி இராது" என்றாள் சிவநேசம் திருப்தியாக.

பிறகு அளவுப் பிரச்சினை வந்தது. இரண்டு பேருக்குப் பன்னிரண்டு லீற்றர் பேணி எடுங்கள் என்றாள் பெண்மணி. சிவநேசம் ஏழு லீற்றர் பேணியைக் கையில் எடுத்து, உள்ளே ஒரு தரம் பார்த்தாள். ஒரு வெற்றிடத்தைக் கண்டால் அதற்குள் என்ன போகும், என்ன போகாது என்பது அவளுக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்த ஒன்றில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, இருக்கட்டும். கைப்பையைத் திறந்தாள். கிளி சட்டென்று கூடாரங்கள் தொங்கிய பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அரிசிப் பையைக் காற்றுப் போக அமத்தி, தட்டையாக்கி, பேணியின் சுவரோடு வளைத்து ஒட்டினாள். அதற்கு உள்ளே மா. அதற்கும் உள்ளே பயறு. நடுவில் விட்ட குழிக்குள் பொரிவிளாங்காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினாள். இடுக்குகளில் சம்பலும் தேயிலையும் சீனியும் பால்மாவும். மேலே நான்கு விரல் இடம் மிஞ்சியது. "சவுக்காரம், பற்பசைக்கு" என்றாள். வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி இன்னொரு விற்பனையாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பூட்டைத் திருப்பிக் காட்டும்போதுதான் அந்தப் பெண்மணி அந்த வார்த்தையைச் சொன்னாள். "ஒன்று ஞாபகம் வைத்திருங்கள். இந்தப் பேணி உங்கள் சாப்பாட்டைக் காப்பாற்ற இல்லை, கரடியைக் காப்பாற்ற."

தன்னுடைய பிரெஞ்சுதான் பிழைத்துவிட்டது என்று சிவநேசம் நினைத்தாள். கிளி தமிழில் திருப்பிச் சொன்னாள். "மனிசச் சாப்பாட்டை ஒருக்காத் திண்ட கரடி பேந்து அதைத் தேடித்தான் வரும் மச்சாள். பயம் விட்டுப்போயிடும். கூடாரத்துக்க வரும், பிள்ளையளுக்குக் கிட்ட வரும். கடைசியில சுட்டுப்போடுவினம்."

சாப்பாடு கொடுத்து ஒரு உயிரைக் கொல்ல முடியும் என்று சிவநேசம் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. மெத்ரோவில் வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் அந்தக் கறுப்புப் பேணியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒக்ரோபர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டார்கள். கிளியின் கார் வடக்கே மூன்று மணி நேரம் ஓடியது. பூங்கா வாசலில் கண்ணாடி போட்ட ஒரு காவலர் அவர்களை மேசைக்கு முன்னால் இருத்தி, ஒரு படத்தைக் காட்டினார். பெரிய கறுப்புக் கரடி. இடது காது கிழிந்திருந்தது. வலது காதில் மஞ்சள் தகடு.

"இவள் உங்கள் தடத்தில்தான் திரிகிறாள். பனிக்கு முன்னால் வயிறு நிரப்பவேண்டிய காலம். இந்தக் கோடையில் இரண்டு தரம் மனிதச் சாப்பாடு கிடைத்துவிட்டது. ஒரு தரம் யாரோ விட்டுப்போன குளிர்பெட்டி, ஒரு தரம் மரத்தில் தொங்கவிட்ட பை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூன்றாவது தரமும் கிடைத்தால் எனக்கு வேறு வழியில்லை. துவக்கை எடுத்துக்கொண்டு வரவேண்டும். உங்கள் சாப்பாடு எல்லாம் பேணிக்குள் இருக்கிறதா?"

"எங்கட சாப்பாடு முழுக்க உள்ளதான் இருக்கு" என்றாள் சிவநேசம். கிளி அதைப் பிரெஞ்சில் சொன்னாள். காவலர் நீட்டிய படிவத்தில் சிவநேசம் கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்லவில்லை. மனம் அறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை.

ஏறினார்கள். மேப்பிள் மரங்கள் சிவந்து கொட்டிக்கொண்டிருந்தன. முழங்கால் முனகியது, ஆனால் முறைக்கவில்லை. பின்னேரம் ஒரு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துவிட்டு, கிளி சோதனை போட ஆரம்பித்தாள். வாசம் இருக்கிற எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. சவுக்காரம், பற்பசை, மேற்சட்டைப் பையில் ஒளிந்திருந்த சித்தாலேப டப்பி, எல்லாம் பேணிக்குள் போயின. கடைசியில் மச்சாளின் தலையை மணந்து பார்த்தாள்.

"நல்லெண்ணெய் வைச்சிருக்கிறியள்!"

"அப்ப தலையையும் கழட்டிப் பேணிக்குள்ள வைக்கட்டோ?" என்றாள் சிவநேசம். ஆனாலும் ஏரியில் போய்ச் சவுக்காரமில்லாமல், பல்லுக் கிட்ட, தலையை அலசிவிட்டு வந்தாள். கிளி பேணியைப் பூட்டி, கூடாரத்திலிருந்து நூறு அடி எண்ணி நடந்து, சமதரையில் நிறுத்தினாள். கட்டவும் கூடாது, தண்ணீருக்குக் கிட்ட வைக்கவும் கூடாது. கரடி உருட்டிப் பார்த்துச் சலித்துப் போகட்டும் என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. அதுவும் புரட்டாதிச் சனி.

இந்த இடத்தில் சிவநேசத்தின் பல்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க் எக்ஸ்ரென்ஷனில் மூன்றாம் மாடி. சனீஸ்வரனுக்கான புரட்டாதிச் சனி விரதத்துக்கு அவள் மத்தியானம் குளித்து, சமைத்து, முதல் பிடியைப் பருப்போடும் கறியோடும் பிசைந்து காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் தான் வாயில் வைப்பாள். இருபத்தேழு வருடத்தில் ஒரு சனியும் தவறியதில்லை. மொன்றியல் காகம் சில நாள் வரும், சில நாள் வராது. புறா வரும், அணில் வரும், ஒரு தரம் கீழ்வீட்டுக்காரரின் பூனை வந்தது. வந்தது காகம் என்று வைத்துக்கொள்வாள். சனீஸ்வரனும் இந்தக் குளிர் நாட்டில் அதற்கு மேல் கெடுபிடி பண்ணவில்லை.

ஆகவே அன்று மத்தியானம், கிளி தண்ணீர் வடித்துக் கொண்டுவர ஏரிப்பக்கம் போயிருந்த நேரம், சிவநேசம் சின்ன அடுப்பில் சோறும் பயற்றங்கறியும் சமைத்தாள். முதல் பிடிக்கு வேண்டிய சோறு, கறி, சம்பலை எடுத்துக்கொண்டு, மிச்சம் முழுவதையும் சட்டியோடு பேணிக்குள் வைத்து ஒழுங்காகப் பூட்டி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டும் வந்தாள். சட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு பெரிய மேப்பிள் இலையைக் கழுவி, முதல் பிடியைப் பிசைந்து வைத்து, இருபது அடி தள்ளி வானம் தெரிகிற ஒரு தட்டைப் பாறையில் வைத்தாள். "கா, கா" என்று கூப்பிட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

அது அவளுக்குச் சாப்பாடாகவே தோன்றவில்லை. வைத்த பிறகு அது காகத்தினுடையது. காவலரிடம் கையெழுத்துப் போட்டது எங்கட சாப்பாட்டுக்கு. காகத்தினுடையதைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, அவளுக்கு நினைவு வரவுமில்லை.

காகம் வரவில்லை. மரங்களுக்கு இடையில் கறுப்பாக ஒன்று அசைந்தது. முதலில் நிழல் என்று நினைத்தாள். நிழல் நடந்து வெளிச்சத்துக்கு வந்தது. இடது காது கிழிந்திருந்தது. வலது காதில் மஞ்சள் தகடு.

சிவநேசம் படத்தில் பார்த்த அதே கரடி. பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. இவ்வளவு பெரிய உயிர் இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். சருகு கூட நொருங்கவில்லை. வெயில் முதுகில் விழ, அந்தக் கறுப்பு மயிர் அலை அலையாக மினுங்கியது. கோயிலில் திரை விலகுகிற நேரத்தில் நிற்கிற மாதிரி, வாயைத் திறக்கவும் கையை எடுக்கவும் மறந்து நின்றாள்.

கரடி நேரே பேணியிடம் போனது. மணந்தது. முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியது. பேணி ஏழெட்டு அடி உருண்டது. பின்னால் போய் அணைத்துப் பிடித்து, கடித்தது. பல் வழுக்கிக் கரகரத்த சத்தம் இங்கே கேட்டது. தன் முழுப் பாரத்தையும் போட்டு ஏறி நின்று பார்த்தது. புரட்டியது. மூடியை நகத்தால் சுரண்டியது. சிவநேசம் தெரிந்தெடுத்த அந்த இரண்டு பூட்டும் அசையவில்லை. 'பிடி, பிடி, விடாதை' என்று அவள் மனம் பேணியைக் கெஞ்சியது. கடைசியில் கரடி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு குந்தியது. சலித்துவிட்டது. போகப்போகிறது.

அப்போது காற்றுத் திரும்பியது. கரடி மூக்கை உயர்த்தியது. எழுந்து பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, பாறைப்பக்கம் பார்த்தது.

சிவநேசத்துக்கு அந்தக் கணத்தில்தான் தலையில் இடி விழுந்தது. பாறையில் இருப்பது சோறு. மூன்றாவது தரம். பேணிக்குள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டு, துவக்குக்கு ஒரு பிடியைத் தன் கையாலேயே பிசைந்து வைத்திருக்கிறாள்.

பாறை அவளுக்கு இருபது அடி. கரடிக்கு எண்பது அடி இருக்கும். அவள் நடந்தாள். ஓடக் கூடாது என்று கிளி சொல்லியிருந்தது நினைவிருந்தது. கிட்டப் போகக் கூடாது என்று சொன்னதும் நினைவிருந்தது, அதை மட்டும் கேட்கவில்லை. ஏரிப்பக்கத்திலிருந்து கிளியின் அலறல் கேட்டது. "மச்சாள்! பின்னுக்கு வாங்கோ! விசரே உங்களுக்கு!"

பாறைக்கு வந்து இலையைத் தூக்கினாள். தூக்கியாகிவிட்டது, இனி எங்கே வைக்கிறது? பேணி கரடிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சட்டைப்பைக்குள் வைத்தால் வாசம் அவளோடுதான் வரும். எறிந்தால் தேடி எடுக்கும். சிவநேசம் ஒரு கணம் வானத்தைப் பார்த்தாள். ஒரு காகமும் இல்லை.

அந்த ஒரு பிடியையும் அள்ளித் தன் வாய்க்குள் போட்டாள்.

இருபத்தேழு வருட விரதம். காகம் தொடாத சோறு, நிவேதனம், தான் தொடவே கூடாத பிடி. மென்றாள். கண்ணால் தண்ணீர் வழிந்தது. செத்தல் மிளகாய் பாதி, மற்றது பாதி. பாறை இடுக்கில் சில பருக்கைகள் விழுந்திருந்தன. குனிந்து நகத்தால் கிள்ளி எடுத்து, ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். இலையை நக்கினாள். இதெல்லாம் முடியும்வரை கரடி நாலு காலில் இறங்கி, நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கு அசைவதும் விலா ஏறி இறங்குவதும் அவளுக்குத் தெரிந்தன.

அவள் வெறுங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"இது உனக்குக் கூடாதம்மா" என்றாள். "போ. உனக்குக் காட்டில இருக்கு. போய்த் தின்."

பின்னால் கிளி இரண்டு போத்தல்களை அடித்துக்கொண்டு, பஸ்ஸில் சண்டை பிடிக்கிற பிள்ளைகளை அடக்குகிற குரலில் கத்திக்கொண்டு வந்தாள். கரடி கிளியை ஒரு தரமும் சிவநேசத்தை இன்னொரு தரமும் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த மாதிரியே, ஒரு சருகும் நொருங்காமல் மரங்களுக்குள் போய் மறைந்தது.

கிளி வந்து மச்சாளின் தோளைப் பிடித்து உலுப்பினாள். "வாய்க்குள்ள என்ன?"

"காகத்தின்ர சோறு" என்றாள் சிவநேசம். அதோடு அந்தப் பாறையிலேயே இருந்துவிட்டாள்.

கிளிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் ஏசாமல் அடுப்பை மூட்டினாள். தண்ணீர் கொதிக்க வைத்துப் பாறையில் ஊற்றினாள், மூன்று தரம். இலையை மடித்துப் பேணிக்குள் பூட்டினாள். பிறகு மச்சாளுக்குப் பக்கத்தில் வந்திருந்து, "நான் வேதக்காரி, எனக்கு உதுகள் தெரியாது" என்றாள். "ஆனா அந்தச் சனீஸ்வரன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் கோவிக்க மாட்டார் மச்சாள்."

"நீர் சும்மா இரும்" என்றாள் சிவநேசம். ஆனாலும் கிளியின் கையை விடவில்லை. இருவரும் சொல்லிக்கொள்ளாமலே கூடாரத்தைக் கழற்றி, வெளிச்சம் இருக்கும்போதே அடுத்த ஏரிக்கு நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் அதே காவலர். சிவநேசம் பேணியை மேசைமேல் வைத்தாள். பக்கவாட்டில் நாலு நீளக் கீறல். மூடி ஓரத்தில் பற்கள் வழுக்கிய தடம். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார். கிளி சொல்லச் சொல்ல எழுதினார். நேரம், இடம், காது, தகடு.

அடுத்த கேள்விக்கு வந்து நிமிர்ந்தார். "சாப்பாடு ஏதாவது கிடைத்ததா?"

கிளி மச்சாளைப் பார்த்தாள். பேணி திறக்கவில்லை என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சிவநேசம் கிளியை விலக்கிவிட்டு, தன் பிரெஞ்சிலேயே சொன்னாள். "நான் வெளியே சோறு வைத்தேன். ஒரு பிடி. காகத்துக்கு. பிழை என்னுடையது."

காவலரின் பேனா நின்றது. முகம் மாறியது. "அந்தச் சோறு எங்கே?"

சிவநேசம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இஸி" என்றாள். இங்கே.

மிச்சத்தைக் கிளி சொன்னாள். நக்கின இலையையும் நகத்தால் கிள்ளின பருக்கைகளையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். காவலர் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு சிவநேசத்தைப் பார்த்தார். "இனிமேல் இங்கே வந்தால் காகத்தையும் பட்டினி போடுங்கள், மதாம்" என்றார். பிறகு அந்தக் கட்டத்துக்குள் 'ஒன்றுமில்லை' என்று எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

சிவநேசம் பேனாவை வாங்கினாள். இருபத்திரண்டு வருடமாக, யாருக்கும் சாப்பாடு குறையவில்லை என்றுதான் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ஒரு உயிருக்குத் தன் கைச்சோறு ஒரு பருக்கை கூடப் போய்ச் சேரவில்லை என்பதற்கு, அன்றைக்குத்தான் முதன்முதலாக, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.